ஆயாவைப் பாட்டியாக்க வேண்டாம்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். பத்து ஆண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு வந்தேன். டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் மாமியாரோடு இருக்கிறோம். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. கணவருக்குத் தமிழ் ஓரளவு புரியும், பேச வராது. மாமியாருக்கு 72 வயது. தமிழ் பேசுவார், ஆனால் அது வேறு மாதிரித் தமிழ். பிள்ளைகள் அவரை ‘ஆயா’ என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் பக்கம் ஆயா என்றால் பிள்ளை பார்த்துக்கொள்ள வைக்கும் வேலைக்காரம்மா. “பாட்டின்னு சொல்லு” என்று அவர் எதிரிலேயே இரண்டு மூன்று தடவை திருத்தினேன். நான்கு மாதமாக அவர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார். நான் காலை 7 மணிக்குக் கிளம்பி மாலை 5.30-க்குத் திரும்புகிறேன். மதியம் 2 மணியிலிருந்து பிள்ளைகள் அவரிடம்தான். மகள் நான் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாள். பெரிய வெள்ளியன்று அம்மன் கோயில், ‘ஃபாஸ்டிங்’ என்று சொல்லிக்கொண்டு மூன்று வேளைச் சாப்பாடு என்று இவர்கள் வழக்கமும் எனக்குப் பிடிபடவில்லை. பிள்ளைகளை இரண்டு வருடம் என் அம்மா வீட்டில் விட்டுப் படிக்க வைக்கலாமா?
— ஒரு வாசகி, டர்பன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கும்பகோணத்துக்கு அனுப்ப வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதைவிட அவசரமான வேலை ஒன்று உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் நான்கு மாதமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

இதைக் கணக்காகவே பாருங்கள். 4 வயதுப் பிள்ளை நாளுக்குச் சுமார் 11 மணி நேரம் தூங்கும், 13 மணி நேரம் விழித்திருக்கும். வாரத்துக்கு 91 மணி நேரம். அதில் ஐந்தில் ஒரு பங்காவது ஒரு மொழி காதில் விழவில்லை என்றால் பிள்ளை அதைப் புரிந்துகொள்ளும், ஆனால் பேசத் தயங்கும். இருமொழிப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் வைத்துக்கொள்ளும் உத்தேச அளவு இது. கறாரான எல்லை இல்லை. 91-ல் ஐந்தில் ஒரு பங்கு 18 மணி நேரம். நீங்கள் வீடு திரும்பிய பிறகு சமையல், வீட்டுப்பாடம், குளியல் போக நிதானமாகப் பேசக் கிடைப்பது நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். ஐந்து நாளைக்கு ஏழரை. சனி ஞாயிறு சேர்த்தாலும் 13, 14-ஐத் தாண்டுவது கஷ்டம். மாமியார் கையில் இருப்பதோ மதியம் 2 முதல் 5.30 வரை, ஐந்து நாளும்: பதினேழரை மணி நேரம். உங்கள் பிள்ளைகளின் தமிழ் பெரும்பாலும் அந்த மதியங்களில்தான் இருந்தது.

இனி ‘ஆயா’வுக்கு வருவோம். வீட்டு வேலைக்கு வரும் ‘ஆயா’ போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வெள்ளைக்காரர்கள் வீடு வழியாக நமக்கு வந்தது. உறவுப் பெயரான ‘ஆயா’ அது இல்லை. தாயைக் குறிக்கும் ஆய், ஆயி என்ற பழைய தமிழ்ச் சொற்களின் கிளை அது. வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் இன்றைக்கும் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். செட்டிநாட்டில் அம்மாவைப் பெற்றவள் ஆயா. உங்கள் தஞ்சைப் பக்கத்திலேயே அப்பாயி, அம்மாயி என்று கூப்பிடும் வீடுகள் எத்தனை இருக்கின்றன! பாட்டி என்பது பல சொற்களில் ஒன்று. பாடப்புத்தகம் அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்தச் சொல் டர்பனுக்கு எப்படி வந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஏற்றிக்கொண்டு வந்து டர்பனில் இறக்கியது. 1911-ல் ஒப்பந்தக் கூலி முறை நிற்பதற்குள் 1,52,184 பேர் வந்து சேர்ந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். வட ஆற்காடும் செங்கல்பட்டும் ஆளெடுப்பு மும்முரமாக நடந்த மாவட்டங்கள். உங்கள் மாமியார் வாயில் இருக்கும் ‘ஆயா’ அந்தப் பக்கத்துச் சொல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தனித்தமிழ் இயக்கம் தொடங்கியது 1916-ல். வானொலி, பேசும் படம் எல்லாம் அதற்கும் பிறகு. இந்தக் குடும்பங்களின் தமிழ் அதற்கு முன்பே கரையை விட்டுக் கிளம்பிவிட்டது. நீங்கள் விமானத்தில் கொண்டுவந்த தமிழும் அவர்கள் கப்பலில் கொண்டுவந்த தமிழும் வேறாக இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உங்கள் மாமியார் வயதினருக்கு இன்னொரு பழைய காயமும் உண்டு. இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று 1950-ல் வந்த குடியிருப்புப் பகுதிச் சட்டத்தின்படி 1960-களில் இந்தியக் குடும்பங்களை நகரத்தின் பல இடங்களிலிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தின் சின்னச் சின்ன நகராட்சி வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்த தாத்தா, பெரியப்பா, சித்தப்பா குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தன. பெண்கள் துணி ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். பள்ளியில் ஆங்கிலம். ஊரார் சேர்ந்து நடத்திய மாலைநேரப் பள்ளிகளில் மட்டும் தமிழ். இந்தியப் பிள்ளைகளின் அரசுப் பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடமாக நுழைந்தது 1984-ல்தான். அதற்குள் வீட்டுமொழி மாறிவிட்டது. பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்று வேண்டுமென்றே ஆங்கிலம் பேசி வளர்த்தவர்கள் இந்தத் தலைமுறைத் தாய்மார்கள். ‘என் மகனுக்குத் தமிழ் கொடுக்காமல் விட்டுவிட்டேனே’ என்ற குறை பலருக்கு உள்ளே இருக்கும். வெளியே சொல்ல மாட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்த மருமகள் பேரப்பிள்ளைகள் எதிரில் திருத்தும்போது, மிச்சம் வைத்திருந்த கொஞ்சமும் தப்பு என்று அவருக்குக் கேட்டிருக்கும்.

சரிசெய்யும் வழி இருக்கிறது. திருத்தியது பிள்ளைகள் எதிரில், எனவே விட்டுக்கொடுப்பதும் அவர்கள் எதிரில்தான் நடக்க வேண்டும். நீட்டி முழக்க வேண்டாம், இரண்டு வாக்கியம் போதும்: “அத்தை, ஆயான்னு கூப்பிடறது தப்புன்னு நான் சொன்னது என் அறியாமை. பிள்ளைங்க உங்களை ஆயான்னுதான் கூப்பிடணும்.” உடனே வேறு வேலைக்குப் போய்விடுங்கள். அவர் பதில் சொல்லக் காத்து நிற்காதீர்கள். “உங்க தமிழ் ரொம்ப நல்லா இருக்கு அத்தை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது வாத்தியார் மார்க் போடுவது போல இருக்கும்.

அடுத்த நாளிலிருந்து அவர் ஆங்கிலத்தில் பேசினாலும் நீங்கள் தமிழிலேயே பேசுங்கள். அவரைத் தமிழில் பேசச் சொல்லிக் கேட்க வேண்டாம். முதல் வாரம் முழுக்க ஆங்கிலத்திலேயே பதில் வரலாம். வேகத்தைக் குறையுங்கள். பேச ஆளில்லாமல் வருடக்கணக்கில் கிடந்த மொழியில் சொல் தேடி எடுக்க நேரம் பிடிக்கும். அவர் தேடும்போது நீங்கள் எடுத்துக்கொடுத்தால் தேடுவதை நிறுத்திவிடுவார். மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை பொறுங்கள்.

பேச்சை அடுப்படியில் தொடங்குவது நல்லது. கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு, “இதுக்கு உங்க அம்மா என்ன பேர் சொல்வாங்க?” என்று கேளுங்கள். பழைய கதை சொல்லுங்கள் என்று கேட்டால் எவருக்கும் வாய் வராது. அரிசி அளந்த படியின் பெயர் என்ன, மாவு எதில் அரைத்தார்கள், பக்கத்து வீட்டு அக்காவை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டால் கதை தானாக வரும். நாளுக்கு மூன்று சொல் போதும். மகளை ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதச் சொல்லுங்கள்: ஒன்று ‘சாட்ஸ்வொர்த்’, இன்னொன்று ‘கும்பகோணம்’. சோறு ஒரு பக்கம், சாதம் ஒரு பக்கம். ‘சரி’, ‘தவறு’ என்று தலைப்பு வைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மாதம் ஒன்று கழிந்த பிறகு, அவர் அனுமதியோடு, கைப்பேசியில் பத்துப் பதினைந்து நிமிடம் குரலைப் பதிவு செய்யுங்கள். கோப்புக்குத் தேதியும் பேசிய விஷயமும் பெயராக இருக்கட்டும். பெயரில்லாத ஐம்பது பதிவுகளில் எதையும் பிறகு தேடி எடுக்க முடியாது.

கணவரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். புரிந்துகொள்கிறவர் ஒருவர் மேசையில் இருந்தாலே, சாப்பாட்டு நேரத்தில் நீங்களும் மாமியாரும் தமிழில் பேசலாம். அவர் ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லும்போது பிள்ளைகள் சிரித்தால் நீங்கள் சேர்ந்து சிரிக்காதீர்கள். அது ஒன்றுதான் அவர் விஷயத்தில் விதி.

மகளோடுதான் பாடு அதிகம். “தமிழ்ல சொல்லு” என்ற கட்டளையை நிறுத்துங்கள். அது தமிழைத் தண்டனையாக்கிவிடும். புரியாதது போல நடிப்பது மூன்று வயதுப் பிள்ளையிடம் செல்லும். நாள் முழுக்க நீங்கள் ஆங்கிலத்தில் வேலை பார்ப்பது எட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரியும், அவளிடம் செல்லாது. அவள் ஆங்கிலத்தில் ஜூஸ் கேட்டால், “ஜூஸ் வேணுமா? ஆரஞ்சா, மாம்பழமா?” என்று இரண்டில் ஒன்றைச் சொல்லும்படி கேளுங்கள். ஒற்றைச் சொல் பதில் தமிழில் வந்துவிடும். சில வாரம் கழித்துப் பாதி வாக்கியத்தைக் கொடுத்து மீதியை அவளிடம் விடுங்கள்: “நாளைக்கு ஸ்கூல்ல...” என்று இழுத்து நிறுத்தினால் போதும். எதற்கும் மசியாவிட்டால் அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நீங்கள் ஒரு தடவை தமிழில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். பேச்சு அறுந்துவிடக் கூடாது.

வீட்டுப்பாடத்தைத் தமிழில் சொல்லித்தர முயல வேண்டாம். மாலை ஆறு மணிக்குக் களைத்துப்போன இரண்டு பேர் ஆங்கிலக் கணக்கைத் தமிழில் போட்டால் சண்டையில்தான் முடியும். காரில் போகும் நேரம், தலை பின்னும் நேரம், படுக்கப் போகும் நேரம் தமிழுக்கு என்று வையுங்கள். பள்ளியில் ஆங்கிலத்தோடு இசிஸூலுவோ ஆஃப்ரிகான்ஸோ படிப்பதால் தமிழும் சேர்ந்தால் குழம்பிவிடும் என்ற பயம் வேண்டாம். மூன்று மொழி பிள்ளைகளுக்குப் பாரம் இல்லை. காதில் விழாத மொழிதான் தங்காது.

எழுத்து சொல்லிக்கொடுக்கும்போது 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் ஒட்டாதீர்கள். அதைப் பார்த்தே பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். முதலில் ஆறு சொல்: ஆயா, அம்மா, அப்பா, மாமா, அக்கா, தம்பி. இவற்றுக்கு வேண்டியது அ, ஆ என்ற இரண்டு உயிர், க, த, ப, ம, ய என்ற ஐந்து மெய் வரிசை, புள்ளி, துணைக்கால், இகரக் கொக்கி. அவ்வளவே. வாரத்துக்கு மூன்று தடவை, பத்துப் பத்து நிமிடம். ‘ஆயா’வை மகள் முதலில் எழுதட்டும், இரண்டே எழுத்து. எழுதிய தாளை மாமியாரிடம் அவளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

மாமியாரிடம் பஜனைப் பாட்டுப் புத்தகம் இருக்கிறதா பாருங்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர் பலர் பதிகங்களை ஆங்கில எழுத்தில் அச்சிட்ட புத்தகம் வைத்துத்தான் பாடுகிறார்கள். ராகமும் தாளமும் பழுதில்லாமல் இருக்கும். ஆனால் ல, ள, ழ மூன்றும் அந்த எழுத்தில் ஒன்றாகிவிடும், ந, ன, ண-வும் அப்படியே. பாட்டு மாமியாருக்கு மனப்பாடம், எழுத்து மகளுக்குத் தெரியும் என்ற நிலை வரும்போது, அவர் வரி வரியாகச் சொல்ல இவள் தமிழில் எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று ழகரம் திருத்த வேண்டாம். சந்தேகம் வந்தால் இருவரும் உங்களைத் தேடி வருவார்கள்.

கும்பகோணம் ஏன் வேண்டாம் என்றால், அங்கேயும் நீங்கள் சேர்க்கப்போவது ஆங்கில வழிப் பள்ளியில்தான். நான்கு வயதில் தாயைப் பிரிவது மொழியைவிடப் பெரிய சங்கதி. திரும்பி வரும்போது மகள் இங்கே பள்ளியில் படிக்கும் இரண்டாவது மொழியில் இரண்டு வருடம் பின்தங்கியிருப்பாள். இங்கே பேச ஆயாவும் இல்லையென்றால் கற்றுவந்த தமிழும் வேகமாகக் கரையும். அதற்குப் பதில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை இங்கே விடும் நீண்ட விடுமுறையில் போய்வாருங்கள். மார்கழிக் கோலமும் பொங்கலும் அதற்குள் வந்துவிடும். உங்கள் அண்ணன் தம்பி பிள்ளைகள் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் தங்கள் ஆங்கிலத்தைக் காட்டத்தான் ஆசைப்படுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மாமியாரையும் அழைத்துப் போவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. “நீங்க தமிழா? பேச்சு வேடிக்கையா இருக்கே” என்று யாராவது ஒருவர் சிரித்தால் போதும், நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண்.

வழக்கங்களைப் பற்றிச் சுருக்கமாக. பெரிய வெள்ளியன்று அம்மன் கோயிலுக்குப் போவது கிறிஸ்தவக் கலப்பு இல்லை. கரும்புத் தோட்டக் கூலிகளுக்குச் சேர்ந்தாற்போல விடுப்புக் கிடைத்த நாட்கள் ஈஸ்டர் நாட்கள். டர்பன் பக்கத்தில் இசிபிங்கோ ரயில் என்ற இடத்திலுள்ள மாரியம்மன் கோயில் திருவிழா அப்படித்தான் அந்த நாட்களில் நிலைத்தது. பஞ்சாங்கத்தை முதலாளியின் காலண்டருக்குள் நுழைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். ‘ஃபாஸ்டிங்’ என்று இங்கே சொல்வது பட்டினி இல்லை, கறி, மீன், முட்டை தவிர்ப்பது. நம் ‘விரதம்’ இரண்டுக்கும் இடம் கொடுக்கும் சொல். ஆங்கிலமாக்கியதில்தான் உங்களுக்கு முரணாகத் தெரிகிறது. தீபாவளியைத் தமிழர்கள் சதுர்த்தசி விடியலிலும் இந்தி பேசியவர்களின் வம்சத்தார் அமாவாசை மாலையிலும் கொண்டாடுவதால், தேதித் தகராறு அடிக்கடி வரும். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் கணக்கில் சரி.

ஒரு வார்த்தை தமிழ் வராத பையன் ‘நான் தமிழ்’ என்று சொல்வதையும் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் தமிழ் என்பது முதலில் மொழி. இங்கே அது வழிபாடு, சடங்கு, வம்சம். அந்தப் பொருளில் அவன் சொல்வது உண்மை. உங்கள் மகளும் அப்படிச் சொல்லும் நாள் வரும். அப்போது “முதல்ல தமிழ் பேசு” என்று வெட்டாதீர்கள்.

குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தேட விரும்பினால், ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்திருந்தார்கள். பழைய பிறப்பு, திருமண, இறப்புத் தாள்களில் அந்த எண் இருக்கும். அது கிடைத்தால் டர்பன் ஆவணக் காப்பகத்தின் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் வரை பார்க்கலாம். எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால், முனுசாமிகளும் அங்கம்மாக்களும் நூற்றுக்கணக்கில் வருவார்கள். எழுத்துக்கூட்டல் குமாஸ்தாவின் காது கேட்டபடி இருக்கும். கிராமப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். அன்றைய வட ஆற்காடு இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்திருக்கிறது, ஒரு பகுதி ஆந்திரத்துச் சித்தூரில் இருக்கிறது. செங்கல்பட்டு என்று இருந்தால் காஞ்சிபுரம், திருவள்ளூரிலும் தேட வேண்டும். அந்தப் பட்டியலில் சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. நாலு தலைமுறையாக அதை மறந்துவிட்ட வீடாக இருந்தால், தாளை மேசையில் விரிக்கும் முன் கணவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை சொல்கிறேன். மாமியாருக்குத் ‘தனீ’ சீட்டாட்டம் தெரியுமா என்று கேளுங்கள். டர்பனில் அவர் வயதினர் பலருக்கு அத்துப்படி. நான்கு பேர் ஆட வேண்டும், உங்கள் வீட்டில் மகனை விட்டால் சரியாக நான்கு பேர். கட்டிலிருந்து 2 முதல் 8 வரை எடுத்துவிட்டால் மீதி 24 சீட்டு, ஆளுக்கு 6. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு வகைக்கு 76, நான்குக்கும் சேர்த்து 304. முன்னூற்றுநாலு என்ற பெயரில் தமிழர்கள் ஆடும் ஆட்டத்தின் நெருங்கிய சொந்தம் இது. ஆட்டம் எந்த மொழியில் வேண்டுமானாலும் நடக்கட்டும், கணக்கு மட்டும் தமிழில் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். மகள் எண்ணைத் தப்பாகச் சொன்னால் திருத்துவதை ஆயாவிடம் விட்டுவிடுங்கள்.